வெல்ஷ்காரர்களிடம் வாங்கிய நாற்காலி

இருபத்திரண்டு வருடமாக எனக்கு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை. மற்றவர்களின் சிறுநீர், சளி, மலம். காலை ஒன்பது மணிக்குள் நான் என்னென்ன பார்த்து முடித்திருப்பேன் என்று சாப்பிட உட்காரும் முன் யாரும் கேட்கக்கூடாது. அதில் எதுவும் எனக்கு அருவருப்புத் தந்ததில்லை. எனக்கு வயிற்றைப் புரட்டுவது எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கவியரங்கம்தான்.

வருடாவருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். மேடையேறுகிற ஒவ்வொருவரும் தமிழைத் தேனில் முக்கி எடுப்பார்கள். தேன் தீர்ந்தால் கண்ணீர். கண்ணீர் தீர்ந்தால் அம்மா. கடைசியில் எல்லோருக்கும் பொன்னாடை, எல்லோருக்கும் பட்டம். விழாவுக்குப் பணம் தந்த வீட்டுக்கடன் தரகரின் மனைவி ஒரு முறை எட்டு வரி வாசித்தார். எட்டும் எங்கிருந்தோ சுட்டவை. அவருக்குக் 'கவிக்குயில்' என்று பட்டம் கொடுத்தார்கள். நான் எழுந்து வெளியே போய், கார் தரிப்பிடத்தில் நின்று நல்ல காற்றை இழுத்து விட்டுக்கொண்டேன்.

எனக்கு வாய் நீளம். ஊரிலும் அப்படித்தான், ஆக்லாந்திலும் அப்படித்தான். நல்லாயிருக்கு என்று பொய் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு செரிக்காது. இந்தக் குணத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது இல்லை.

ஆய்வுகூடத்தில் என் பக்கத்து மேசைக்காரர் வேல்ஸ் நாட்டவர். என் வயதுதான் இருக்கும். ஒருநாள் தேநீர் நேரத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு விரலை மடக்கி மடக்கி எண்ணினார். மாத்திரை போட மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். ஒரு கவிதை வரி கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர்களுடைய வெல்ஷ் மொழியின் பழைய யாப்பில் ஒரு வரியின் முன்பாதியில் என்னென்ன மெய்யெழுத்து எந்த வரிசையில் வருகிறதோ, பின்பாதியிலும் அதே வரிசையில் வரவேண்டுமாம். நமக்கு எதுகையும் மோனையும் வைத்தாலே மூச்சு வாங்கும். இவர்கள் வரிக்கு வரி விலங்கு பூட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு உடனே அந்த மொழிமீது ஆசை வந்துவிட்டது. அவரிடம் இருந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளை ஒவ்வொன்றாக வாங்கினேன்.

நாங்கள் இருப்பது ஹென்டர்சனில். ரயிலேறி, நகரத்தில் மாறி, வேலைக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அந்த ரயிலில்தான் ஆயிரத்து நானூறு வருடத்து வெல்ஷ் இலக்கியத்தை வாசித்தேன். ஆரம்பமே எனக்குப் பிடிக்கவில்லை. அரசனைப் புகழ்ந்து பாட்டு, அரசன் செத்தால் ஒப்பாரிப் பாட்டு. குதிரை கேட்டு ஒரு பாட்டு, போர்வை கேட்டு ஒரு பாட்டு, வேட்டைநாய் கேட்டு ஒரு பாட்டு. நம்முடைய பாணர்களும் புலவர்களும் பல்லிளித்த அதே இளிப்பு. ஆனால் இவர்களிடம் வேலைத்திறன் இருந்தது. பிச்சை கேட்டாலும் கேட்கிற குதிரையின் பிடரி கண்முன்னே ஆடியது. பறவையைத் தூது விட்ட காதல் பாட்டுகளை வாசிக்கும்போது என் எரிச்சல் சற்றுத் தணிந்தது. தூது என்றால் தமிழருக்குச் சொல்லியா தரவேண்டும்?

பிறகு அவர்களுடைய பிரபுக்கள் லண்டன் பக்கம் திரும்பி ஆங்கிலம் பேசத் தொடங்கினார்கள். பாடினால் கொடுக்க ஆளில்லை. வேதாகமத்தை வெல்ஷில் பெயர்த்ததுதான் மொழியைக் காப்பாற்றியது என்கிறார்கள். அதற்குப் பிறகு தேவாலயப் பாட்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தபோது புத்தகத்தை ரயில் யன்னலால் எறியத் தோன்றியது. பாதிரிமார் ஆயிரக்கணக்கான வரி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வானம் உண்டு, நரகம் உண்டு, தேடிப் பார்த்தாலும் ஒரு மனிதன் இல்லை. நம்முடைய சங்கத்து ஆட்கள் அங்கே போய்ப் பிறந்துவிட்டார்களோ என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அதை விடுங்கள், அதே காலத்தில் கல் உடைத்தவர்களைப் பாருங்கள்" என்று வேறொரு புத்தகம் தந்தார்.

அந்தப் புத்தகம் என்னை விழுத்திவிட்டது. வடக்கு மலைகளில் கூரைக்குப் போடும் ஸ்லேட் கல் உடைத்த தொழிலாளிகள், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு கொட்டிலுக்குள் கூடுவார்களாம். நெஞ்சுக்குள் கல்தூசி, கையில் தேநீர்க் கோப்பை. அங்கே ஒருவன் தன் கவிதையைச் சொல்ல, மற்றவர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்களாம். அதற்குக் கூட்டக் குறிப்புக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ரயிலில் கண் கலங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் என் கணவரிடம் முழுவதையும் கொட்டினேன். அவருக்கு மனுரேவாவில் உறைந்த சாமான் வைக்கும் கிடங்கில் வேலை. பதினேழு வருடமாகக் குளிர் அறைக்குள் பெட்டி அடுக்குகிறார். காலை ஐந்து மணிக்குக் காரை எடுத்தால் போக ஒரு மணித்தியாலம், வர ஒன்றரை. கிரிக்கெட் பார்ப்பார், பேப்பர் பார்ப்பார். புத்தகம் வாசித்து நான் கண்டதில்லை.

"கல் உடைச்சுப்போட்டு வந்து இருந்து யாப்பில எழுதியிருக்கிறாங்கள். இஞ்ச எங்கட ஆக்களுக்கு ஏசி ரூமுக்குள்ள இருந்தும் ஒரு வரி ஒழுங்கா வராது" என்றேன்.

"ஓம், பெரிய விசயம்தான்" என்றார். சோற்றைப் பிசைந்தார். "நல்லாயில்லையெண்டா என்ன செய்வினம்?"

"மூஞ்சைக்கு நேர சொல்லுவினம்."

"அது நல்லது" என்றார். நான் மேலும் கொஞ்சம் குழம்பு விட்டேன்.

வெல்ஷ்காரர்களின் கவிதைப் பெருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு அனுப்புகிறவர்கள் புனைபெயரில்தான் அனுப்பவேண்டும். உண்மைப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். நடுவர் மேடையேறி, வந்தவற்றில் எது எப்படி என்று ஊர் கேட்கச் சொல்வார். ஈவு இரக்கம் கிடையாது. பிறகு வென்ற புனைபெயரை அறிவித்து எக்காளம் ஊதுவார்கள். கூட்டத்துக்குள் எங்கோ ஓர் ஆள் எழுந்து நிற்பான். அவனை அழைத்துப்போய் ஒரு நாற்காலியில் இருத்துவார்கள். அதுதான் பரிசு. தகுதியான கவிதை இல்லையென்றால் நாற்காலி வெறுமையாகவே இருக்கும். தேறாதவர்களின் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

நாற்காலியை வெறுமையாக விடுகிற இந்த வழக்கம் எனக்கு அமுதமாக இருந்தது. நம் கவியரங்கத்தையும் இப்படி நடத்துவோம் என்று சங்கக் கூட்டத்தில் போய்ப் பேசினேன். செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், ஐடியில் வேலை, யாரையும் பகைக்கத் தெரியாதவர்.

"யாருக்குமே பிரைஸ் இல்லைன்னா எப்படிங்க மேடம்? ஸ்பான்சர்ஸ் கோவிச்சுக்குவாங்களே."

"கோவிக்கட்டும். ஒரு வருசமாவது மரியாதையா ஒண்டைச் செய்வம்."

எப்படியோ ஒப்புக்கொண்டார்கள். நாற்காலி விசயத்தில்தான் நம் ஆட்கள் தாங்கள் யார் என்று காட்டிவிட்டார்கள். சாமத்திய வீடு என்கிற பூப்புநீராட்டுக்கும் கலியாணத்துக்கும் வாடகைக்கு விடும் சிவப்பும் தங்கமுமான சிம்மாசனம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கைப்பிடியில் இரண்டு சிங்கம். ஒரு சிங்கத்துக்கு மூக்கு இல்லை. எக்காளத்துக்குப் பதில் போனில் நாதஸ்வரம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடுவராக இருக்கச் சம்மதித்தேன்.

பதினாறு கவிதை வந்தது. அதில் ஒன்று என் கணவருடையது. அது எனக்கு விழா முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ஆனால் வாசிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் திகைக்க வைக்க இது துப்பறியும் கதை அல்ல. என் மூடத்தனத்தை ஒவ்வொரு படியாகப் பார்க்கவேண்டும்.

நடுவர்கள் மூன்று பேர். நான், ஒரு பல் வைத்தியர், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். ஒரு சனிக்கிழமை கடைத்தொகுதியின் உணவகப் பகுதியில் கூடினோம். பதினைந்து கவிதையைப் பத்து நிமிடத்தில் ஒதுக்கினோம். அத்தனையும் தேனும் கண்ணீரும். மிஞ்சியது பத்துக் குறள் வெண்பா. புனைபெயர் 'ஏழாம் கதவு'. ஏதோ தத்துவக் கிறுக்கு என்று அந்தப் பெயரைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பொருள், ஒரு குளிர்க் கிடங்கில் வேலை செய்கிறவன் பாடுவது. ஒன்பதாவது இப்படி இருந்தது:

உறைகுளிரில் பெட்டி உயர அடுக்க
நிறையுமென் மூச்சில் நிலா.

வாத்தியார் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, இதுக்கு நாற்காலியைக் குடுக்கலாம். தளை தட்டேல்லை. வெள்ளைப் புகையா வாற மூச்சில நிலாவைப் பார்க்கிறான், அதில ஒரு சந்தோசம் இருக்கு."

"அந்தச் சந்தோசம்தான் சேர் பொய்" என்றேன். "குளிர் ரூமுக்குள்ள நிண்டு வேலை செய்யிறவன் நிலாப் பாட்டுப் பாடுவானே? என்ர மனுசன் பதினேழு வருசமா அதைத்தான் செய்யிறார். எனக்குத் தெரியும் அது என்னெண்டு. விரல் வெடிச்சு வரும், குறுக்கு நோகும். இது வெளியில நிண்டு கண்ணாடிக்குள்ளால பார்த்த ஆள் எழுதினது."

ஆம். என் கணவரைச் சாட்சிக்கு இழுத்துத்தான் என் கணவரின் கவிதையைத் தள்ளினேன். பல் வைத்தியருக்கு அவசரம். வாத்தியாருக்கு என் வாய்க்குப் பயம். நாற்காலி யாருக்கும் இல்லை என்று முடிவாயிற்று. தீர்ப்புரை நான் வாசிப்பதென்றும் முடிவாயிற்று. அதை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கிற ஆளா நான்?

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. கணவர் மூன்றாவது வரிசையில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. வழக்கமாக விழாவுக்கு அவர் அவ்வளவு எடுப்பாக வருவதில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனித்து ஒன்றும் நினைக்கவில்லை.

கவிதைகளை ஒவ்வொன்றாக உரித்தேன். சபை சிரித்தது. சிரிக்கச் சிரிக்க எனக்குத் தலைக்கேறியது. 'ஏழாம் கதவு' கடைசி. "இந்தக் கவிஞருக்கு யாப்பு தெரிகிறது. தெரியாதது வேலை" என்று தொடங்கினேன். "குளிர் அறைக்குள் இவருக்கு நிலா தெரிகிறதாம். கையுறைக்குள் விரல் மரத்துப்போவது தெரியவில்லை. உழைப்பாளியின் வலியை எழுத வக்கில்லாமல் வேடிக்கை பார்த்து எழுதிய வரிகள் இவை. இவர் வாழ்க்கையில் தூக்கிய பெரிய பாரம் ஒரு மடிக்கணினியாகத்தான் இருக்கும்."

மண்டபம் அதிர்ந்தது. கை தட்டினார்கள். என் கணவரும் தட்டினார். கைப்பை மடியிலிருந்து சரிந்ததையும், அவர் குனிந்து அதை எடுத்ததையும் மேடையிலிருந்து பார்த்தேன். சிம்மாசனம் வெறுமையாக நின்றது. விழா முடிந்த கையோடு பிள்ளைகள் அதில் ஏறிப் படம் எடுத்தார்கள். பிறகு கவிக்குயில் ஏறி எடுத்தார்.

காரில் வரும்போது, "நல்லாக் கதைச்சனீர்" என்றார் அவர்.

"கடைசியாச் சொன்னது எப்பிடி?"

"சனம் நல்லாச் சிரிச்சுது." அதற்குப் பிறகு மோட்டர்வேயில் நெரிசல் என்று சொல்லி வேறு பாதையில் திருப்பினார்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிடங்கில் அவரோடு வேலை செய்யும் மலேசியத் தமிழர் ஒரு பை நிறைய ஃபீஜோவாப் பழம் கொண்டுவந்தார். அவர் வீட்டு மரத்தில் இந்த வருடம் நல்ல காய்ப்பாம். கணவர் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தேநீர் போட்டுவிட்டு, ஒரு பழத்தை வெட்டித் தின்றேன்.

"அக்கா, அண்ணன் பாட்டு என்னா ஆச்சி? பிரைஸ் கிடைச்சிச்சா? கேட்டா சிரிக்கிறாரு, சொல்ல மாட்டேங்கிறாரு."

"எந்தப் பாட்டு?"

"அந்தப் பத்துப் பாட்டுதான்லா. நான்தானே டைப் பண்ணிக் குடுத்தேன். ஸ்மோகோ நேரத்துல எங்களுக்கு எல்லாம் சொல்லிக் காட்டுவாரு. சமோவாக்காரங்க கேட்டா இங்கிலீஷ்ல சொல்வாரு. ஒரு வார்த்தை சரியில்லன்னா எல்லாரும் சேர்ந்து சண்டை போடுவோம். ஏழாம் கதவுலதான் அண்ணனுக்கு லோடிங், அதான் அந்தப் பேரு. நான்தான் வைக்கச் சொன்னேன்."

ஸ்மோகோ என்றால் இந்த நாட்டுத் தொழிலாளிகளின் தேநீர் இடைவேளை. நான் ஆயிரத்து நானூறு வருடத்து இலக்கியத்தைப் புரட்டி, கடல் தாண்டி, செத்துப்போன கல் உடைப்பவர்களின் கொட்டிலைத் தேடி ரயிலில் அழுதிருக்கிறேன். அதே கூட்டம் என் வீட்டுக்காரரின் வேலைத்தளத்தில், காலை ஒன்பதரை மணிக்கு, கிழமைக்கு ஐந்து நாள் நடந்துகொண்டிருந்தது. எனக்கு என்னைக் கண்டே ஓங்காளித்தது. மலேசியக்காரர் பாவம், பழம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கேட்டார்.

அவர் போன பிறகு பின்வளவுக்குப் போனேன். கணவர் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் நல்லாயிருக்கெண்டு சொல்லியிருப்பீர்."

"நான் ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்லுறேல்லை."

"எனக்குச் சொல்லியிருப்பீர். பாவமெண்டு நினைச்சு. எனக்கு அது வேண்டாம். நீர் மற்ற ஆக்களுக்குச் சொல்லுற மாதிரி எனக்கும் சொல்லவேணும் எண்டு இருந்தது. அதுக்குத்தான் புனைபெயர் நல்லதெண்டு நினைச்சன்."

வெண்பா எழுத எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த யாப்பு மறக்கவில்லையாம். காரில் தனியே போகும் நேரம் அசை பிரித்துக்கொண்டு போவாராம். ஸ்டியரிங்கில் விரலால் தட்டிப் பார்த்தால் தளை தட்டுகிற இடம் கைக்குத் தெரிந்துவிடுமாம். சொல்லும்போது அந்த விரல்களைப் பார்த்தேன். நுனி எல்லாம் வெடிப்பு. மேடையில் அந்த விரல்களுக்காகப் பரிந்து பேசியவள் நான். ஊருக்கு முன்னால், அந்த விரல்களையே அடித்திருக்கிறேன்.

"நான் சொன்னது பிழை" என்றேன். வாழ்க்கையில் அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது. அழுகை வந்தது. "வாத்தியார் உங்களுக்குத்தான் குடுக்கவேணும் எண்டவர். நான்தான் தடுத்தனான்."

"இல்லை, நீர் சொன்னதில விசயம் இருக்கு" என்றார். அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே சொன்னார். "நான் இருந்து யோசிச்சனான். வேலை கஸ்டம்தானே. கஸ்டத்தை ஒரு இடத்திலயும் எழுதேல்லைத்தானே. இப்ப பத்தையும் திருத்திப்போட்டன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, புல் ஒட்டிய விரலால் தள்ளித் தள்ளி ஒன்பதாவதைக் காட்டினார்.

உறைகுளிரில் பெட்டி உயர அடுக்கி
நிறைந்ததென் கண்ணீர்க் குடம்.

தளை தட்டவில்லை. சங்கத்து மேடையில் ஏற்றினால் பொன்னாடை நிச்சயம். நான் பதினைந்து கவிதையில் கண்டு குமட்டியதை என் கையாலேயே இந்த மனிதருக்கு ஊட்டிவிட்டிருக்கிறேன். அவர் போனைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீர்ப்புக்குத்தான் நின்றார்.

"இது குப்பை" என்றேன். "நிலாவைத் திரும்பப் போடுங்கோ. அதுதான் கவிதை. உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்கள் எழுதினனீங்கள். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

அவர் போன் திரையைத் துடைத்துப் பையில் போட்டார். நான் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். பதினேழு வருடம் அந்த அறைக்குள் மூச்சு விட்ட மனிதர்.

"போடலாம்" என்றார். "ஆனா நான் அதை உண்மையாப் பார்த்தனானோ எண்டு இப்ப எனக்கே நிச்சயமில்லை."

சொல்லிவிட்டு மிச்சப் புல்லை வெட்டப் போனார்.